வரிசையில் ஒருவர் அதிகம்

அரேக்கிப்பா நகரில் சகல நலங்களோடும் வாழ்ந்துவரும் என் மதிப்புக்குரிய அக்கா நெலிடா அவர்களுக்கு, நியூஜெர்சி, பேட்டர்சனிலிருந்து தம்பி டெமெத்ரியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சொய்லாவும் மகள் நோர்காவும் உடலளவில் நலம். தங்கள் முழங்கால் வலியும், ஊருக்குப் பின்னால் நிற்கும் எரிமலையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மனதளவில் நான் நலமாக இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறு மத்தியானம் தாங்கள் நோர்காவுக்கு ஃபோன் செய்து, பி.ஏ.வோடு படிப்பை நிறுத்திக்கொள், எம்.ஏ. வேண்டாம் என்று அத்தை என்ற உரிமையில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நான் சொல்லவும் மாட்டேன், பயம்.

அவள் படிப்பது நீதித்துறைப் படிப்பு என்று தங்களுக்குத் தெரியும். பி.ஏ.வையும் எம்.ஏ.வையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்தே வருடத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள் என்றதும், ஒரு வருடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, பெண் நீதிபதி ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்க நான்தான் சொல்லி வைத்தேன். அவள் ஒருநாள் என்னை உட்காரவைத்து, "அப்பா, நான் நீதிபதியும் ஆகப்போறதில்லை, வக்கீலும் ஆகப்போறதில்லை. ஒரு மனுஷன் ஜெயிலுக்குள்ள எப்படி வந்து சேர்றான், வெளிய போனப்புறம் என்ன ஆகுறான், அதைப் படிக்கிறேன்" என்றாள். வெளியே போவதை மட்டும் படிம்மா, உள்ளே வருவதை விட்டுவிடு என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை அக்கா. சீருடை போட்டவர் எதிரே வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். தபால்காரரைப் பார்த்தாலும்தான்.

இந்த நாலாவது வருடத்திலேயே எம்.ஏ. வகுப்புகளில் சிலதை எடுத்துவிடலாமாம். அதில் ஒன்று ஜெயிலுக்குள்ளேயே நடக்கிறது. வாரம் ஒருநாள் பேராசிரியை இவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே இருக்கிற கைதிகளும் இவர்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்து ஒரே பாடம் படிப்பார்கள், ஒரே பரீட்சை எழுதுவார்கள். செமஸ்டர் முழுக்க நான் சொய்லாவிடம் தினமும் சண்டை போட்டேன், நோர்காவிடம் ஒருநாளும் போடவில்லை. கடைசியில் நிறைவு விழாவுக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்று அழைப்பு வந்தது. எனக்கு அன்றைக்கு முதுகுவலி வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். "வலியோட வாங்க" என்றாள் சொய்லா.

என்ன உடுத்தலாம், என்ன உடுத்தக் கூடாது என்று நோர்கா ஏற்கனவே படித்துக் காட்டியிருந்தாள். கைதிகள் போடுவது மணல் நிற பேன்ட், அதனால் அந்த நிறம் மட்டும் கூடவே கூடாது. சொய்லா கறுப்பு சூட் தேய்த்து வைத்தாள். நானும் நல்லபடியாகத்தான் கிளம்பினேன். வழியில் நடுக்கத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஊதாச் சோளத்தில் காய்ச்சிய நம் ஊர் சிச்சா மொராடா பாட்டிலைத் திறந்தேன், மடி முழுக்க ஊதா வெள்ளம். வண்டியின் பின்னால் நான் ரொட்டி டெலிவரிக்குப் போகும்போது போடுகிற பேன்ட் ஒன்று கிடந்தது. பால் அதிகமாகிப்போன காபி நிறம். பெட்ரோல் பங்கில் மாற்றிக்கொண்டேன். ஜெயில் வாசலில் இருந்த பையன் என் காலையே பார்த்தான், பக்கத்துக் காவலரைக் கூப்பிட்டு, "இது பிரௌனா, மணலா?" என்று கேட்டான். அவர் டியூப்லைட் வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, "பிரௌன்தான், விடு" என்றார். சூட் கோட்டு பொத்தானுக்கு மெஷின் கூவியதால் கோட்டையும் பெல்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆக வெள்ளைச் சட்டையும், அந்த பேன்ட்டும், பேன்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கையுமாக நான் உள்ளே போனேன். கழுத்தில் விருந்தாளி அட்டை ஒன்று மாட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒவ்வொரு கதவையும் சாத்தும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

உள்ளே பெரிய ஹால், பெரிய ஜன்னல், நல்ல வெயில். அந்த வெயிலில் குனிந்து பார்க்கிறேன், என் பேன்ட் மணல் நிறம். விழாவுக்காகக் கைதிகளுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். சொய்லாவிடம் காட்டினேன். "பேசாம கேக்கைச் சாப்பிடுங்க" என்றாள். கேக் தட்டில் அட்டை இடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். என் பக்கத்தில் கார்டல் என்று ஒருவர், நரை தட்டிய பெரிய உடம்புக்காரர், நோர்காவின் வகுப்புத் தோழராம். "உங்க பொண்ணு ஒரு வாதத்தைப் பிடிச்சா விடமாட்டா சார். எனக்குக் கனவுல எல்லாம் பதில் சொல்றா" என்றார். என்ன செய்து உள்ளே வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ஸ்பூனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ்களை எடுத்துவர நோர்காவும் பேராசிரியையும் பக்கத்து அறைக்குப் போன நேரம், மணி ஒன்று அலறியது. திடீர்க் கணக்கெடுப்பாம். ஒரு காவலர் வந்து, "எல்லாரும் எழுந்து சுவரோரமா வரிசையில நில்லுங்க" என்று கத்தினார். அது கைதிகளுக்குச் சொன்னது. விருந்தாளிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன் அக்கா. சீருடை போட்டவர் நில் என்றால் என் கால் என்னைக் கேட்காது. போய் வரிசையில் நின்றேன். நான் பாத்ரூம் தேடிப் போகிறேன் என்று நினைத்ததாகச் சொய்லா பிறகு சொன்னாள். காவலர் எண்ணினார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி எண்ணினார். பிறகு ரேடியோவில் பேசினார். "ஒருத்தர் அதிகமா இருக்கார்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "குறைச்சலா?" என்று கேட்டது. "இல்லை, அதிகம்." ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு மனப்பாடம். அதிகமானால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் போல. கடைசியில் எல்லாரையும் செல்லுக்குக் கொண்டுபோய் அங்கே எண்ணு என்று உத்தரவு வந்தது. நடந்தோம். நானும் நடந்தேன், ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு.

எனக்குப் பின்னால் கார்டல். குனிந்து, "சார், நீங்க எங்க போறீங்க?" என்றார்.

"தெரியலை. நீங்க போற இடத்துக்குத்தான்."

"நான் திரும்பி வர இன்னும் ஆறு வருஷம் ஆகும். வாயைத் திறந்து அவர்கிட்டச் சொல்லுங்க."

"பயமா இருக்கு."

எதிரே கம்பிக் கதவு தானாகத் திறந்தது. நான் பேன்ட்டை இறுக்கிக்கொண்டு அதை நோக்கியே நடந்தேன். அப்போது கார்டல் வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்து, இரண்டு கையையும் எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி, "ஆபீசர், இவர் எங்க ஆள் இல்லை. நோர்காவோட அப்பா" என்றார். காவலர் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "உன்னை யாரு வரிசையை விட்டு வெளிய வரச் சொன்னது?"

வீடு திரும்பும்போது காரில் நோர்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்பா, அட்டை சட்டைக்குள்ளதானே இருந்துது? ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு போயிருந்தால் தங்களுக்கு இக்கடிதம் இல்லை. அடுத்த வாரம் நோர்கா முகம் வெளுத்து வந்தாள். எண்ணும்போது வரிசையை விட்டு வந்ததற்கும் பேசியதற்கும் கார்டல் மேல் குற்றம் எழுதிவிட்டார்களாம். விசாரணையில் உறுதியானால் அடுத்த செமஸ்டர் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அவரைப் பார்க்க யாரும் வரவும் முடியாது. "பேராசிரியை எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா அவங்களும் நானும் அங்க இல்லை. பார்த்தது நீங்கதான்" என்றாள். நான் இரவெல்லாம் காய்ச்சல் வருமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை. "உங்களை வெளிய கொண்டுவந்தவன் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறான். நீங்க இங்க உக்காந்து நெத்தியைத் தடவுங்க" என்றாள் சொய்லா. அவள் பேச்சைத் தாங்குவதைவிட ஜெயில் தேவலை என்று கிளம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் கார்டல், கையில் விலங்கு. என் இங்கிலீஷ் பயத்தில் பாதி கழன்றுவிட்டது. மிச்சத்தை வைத்துச் சொன்னேன்: "மேடம், இவர் வரிசையை விட்டு வந்தது நான் வரிசையில இருந்ததால. நான் இருந்தது தப்பு. இவர் வந்தது தப்பு இல்லை."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"பயம் மேடம்."

"எதுக்குப் பயம்? நீங்க ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணியிருந்தா மன்னிப்பாவது கேட்டிருப்பேன். ஒண்ணும் பண்ணாதவன் என்னத்தைச் சொல்லி வெளிய வருவான்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் தப்பாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று கார்டலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாள், "எச்சரிக்கை மட்டும். வகுப்புக்குப் போகலாம்" என்றார். வெளியே நோர்கா காத்திருந்தாள். சொன்னதும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பெண்ணை அழவைக்கும் படிப்பு ஒரு படிப்பா, சொல்லுங்கள். அடுத்த வருடம் எம்.ஏ. ஆய்வுக்கு வாரம் இரண்டு தடவை அங்கே போகப் போகிறாளாம். எனக்கு இரண்டு தடவை உயிர் போகும். அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறக்காமல் ஃபோன் செய்யுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம், கனவு கண்டதாகச் சொல்லுங்கள்.

சாந்தா ரோசாவின் ஆசியும், அற்புத ஆண்டவரின் கிருபையும் தங்கள் வீட்டு வாசலை விட்டு அகலாதிருக்கட்டும். மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு, தங்கள் பாசத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய தம்பி,
டெமெத்ரியோ

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்ய வேண்டாம் அக்கா, வீட்டில் யாரும் இருக்கமாட்டோம். கார்டலின் அம்மா நான் ரொட்டி டெலிவரி செய்யும் ரூட்டில்தான் இருக்கிறாராம். மகனைப் பார்க்கக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் மூன்று வருடமாகப் போகவில்லையாம். நான் கூட்டிப்போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், நோர்காவும் கூட வருகிறாள். வழியெல்லாம் அவள் எம்.ஏ. பாடத்தைப் பற்றி எனக்குச் சொல்லுவாளாம், நான்தான் கேட்டேன். கார்டலின் அம்மாவும் ரொம்ப பயந்த சுபாவமாம். காரில் யார் யாருக்குத் தைரியம் சொல்லப்போகிறோம் என்று தெரியவில்லை.