அடிக்கோடிட்ட நாற்பத்து மூன்று வாக்கியங்கள்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதலாம் என்றால், 'யாவரும்' என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். அங்குள்ளவர்களின் நலத்தைக் கேட்கவும் தேவையில்லை. என் வீட்டில் இருக்க வேண்டியவள் பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள், நலமாகத்தான் இருப்பாள். ஃபோனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஏழு தடவை பேசினேன். ஏழு தடவையும் என் மகள்தான் எடுத்தாள், ஏழு தடவையும் "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்றாள். காலை ஒன்பது மணிக்கும் குளியல், மாலை நான்கு மணிக்கும் குளியல். ஆகவேதான் இந்தக் கடிதத்தை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே படித்துவிடுங்கள். என் மகளும் உங்கள் மாமியாரும் சேர்ந்து உங்களிடம் சொல்லியிருப்பது ஒரு பக்கத்துக் கதை. மறுபக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும் அல்லவா?

நான் தேர்வுத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். விடைத்தாள்கள் திருத்தப் போவதற்கு முன்னால், எழுதியவன் யார் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் எடுத்து வைப்பேன். தேவையில்லாமல் ஒரு கோடு இருந்தாலும் எடுத்து வைப்பேன். 'நேர்மையானவர்' என்று எனக்குப் பிரிவுபசார விழாவில் பட்டம் கொடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். ஓய்வு பெற்று வந்து வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? அலமாரியைச் சரிபார்த்தேன், டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைச் சரிபார்த்தேன், உள்ளே இருந்ததற்கும் வெளியே எழுதியிருந்ததற்கும் நான்கு இடத்தில் பொருத்தமில்லை என்று எடுத்துச் சொன்னேன். மூன்றாவது வாரம் உங்கள் மாமியார், "நீங்க எங்கயாவது வெளிய போய் எதையாவது சரிபாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். வாசகர் சங்க நூலகத்துக்குச் செயலாளர் வேண்டுமென்று ஒரு வருஷமாகப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். யாரும் முன்வரவில்லை, நான் போனேன். என்னை அங்கே அனுப்பியது அவள்தான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நூலகத்தில் பின்பக்கம் மூன்று வரிசை முழுக்கப் பெண்கள் படிக்கிற லேசான நாவல்கள். அட்டையில் ஒருத்தி மழையில் நிற்பாள், அல்லது கேக் கடை வாசலில் நிற்பாள். வேலை போய்விடும், உடனே எங்கோ ஒரு சித்தி வீட்டை எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போவாள், பக்கத்து வீட்டில் முசுடு பிடித்த மாட்டு டாக்டர் ஒருவன் இருப்பான், நூற்றெழுபதாவது பக்கத்தில் கல்யாணம். உங்கள் மாமியார் இதைத்தான் வாரத்துக்கு மூன்று என்று படித்துக்கொண்டிருந்தாள். இதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "முடிவு நல்லபடியா இருக்கும்னு முன்னாலயே தெரியும். பயமில்லாம படிக்கலாம். அது ஒரு ஆறுதல்" என்றாள். ஆறுதல் தேடுகிற அளவுக்கு இந்த வீட்டில் என்ன குறை என்று கேட்டேன். அவள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், அந்த மூன்று வரிசையில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன், இருபத்தோராம் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு குட்டி முக்கோணம், பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குக் கீழே சீப்பு மாதிரி ஒன்று. அடுத்த புத்தகத்திலும் அதே பக்கம், அதே முக்கோணம். முப்பத்தாறு வருஷம் எதைத் தேடித் தேடி எடுத்தேனோ அது வரிசை வரிசையாக நிற்கிறது! நூலகத்தில் வேலை பார்க்கிற பெண் வந்து, "சார், அது ஒண்ணுமில்ல. இந்தக் கதையெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அட்டையும் ஒரே மாதிரி. படிச்சாச்சா இல்லையான்னு தெரியாது. அதனால படிச்சவங்க ஆளுக்கொரு அடையாளம் போட்டுருவாங்க. முக்கோணம் தையல்கார அம்மா, சீப்பு நர்ஸம்மா" என்றாள். விளக்கம் கேட்டால் எல்லாக் குற்றத்துக்கும் விளக்கம் இருக்கும். நான் ஒரு டஜன் ரப்பர் வாங்கினேன். பத்தொன்பது நாளில் அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்களைப் பால் மாதிரி ஆக்கினேன். தினமும் சட்டையெல்லாம் ரப்பர் தூளோடு வீட்டுக்கு வருவேன், உங்கள் மாமியார் அதைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு எந்த வரிசை?" என்று மட்டும் கேட்பாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நானும் விவரமாகச் சொல்வேன்.

அதன்பிறகு நூலகம் நூலகமாக இல்லை. தையல்கார அம்மா ஒரே நாவலை மூன்று தடவை எடுத்துப்போய் மூன்று தடவையும் என் மேஜையில் வீசினார். ஓய்வுபெற்ற நர்ஸம்மா எல்லார் முன்னாலும், "நூத்திருபதாவது பக்கம் வந்தப்புறம்தான் சார் தெரியுது, இவனைத்தான் போன மாசமும் கட்டிக்கிட்டேன்னு! என்னோட சீப்பை அழிக்க நீங்க யாரு?" என்று கத்தினார். பல் டாக்டரின் மனைவி நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் அசையவில்லை. ஏனென்றால் அதற்குள் இதைவிடப் பெரிய ஒன்றைப் பிடித்திருந்தேன். மூலையில் போட்ட அடையாளங்கள் தவிர, பல புத்தகங்களில் நடுப்பக்கத்தில் சில வாக்கியங்களுக்குக் கீழே மெல்லிசாகப் பென்சில் கோடு. எல்லாம் ஒரே கை. 'சாப்பிட்டாயா?' என்பதற்குக் கீழே ஒரு கோடு. 'நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்.' 'உனக்கு என்ன தோன்றுகிறது?' 'முகம் வாடியிருக்கிறதே.' 'கொடு, நான் தூக்கி வருகிறேன்.' கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திருப்பம் வருகிற இடத்தில் ஒரு கோடு கிடையாது, கல்யாணத்தில் கிடையாது. நீங்களே சொல்லுங்கள், இப்படி உப்புச் சப்பில்லாத வரிகளுக்கு ஒருவர் ஏன் கோடு போட வேண்டும்? நூலகப் புத்தகத்தை வைத்து இரண்டு பேர் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் எந்த அதிகாரியும் முடிவுக்கு வருவான். எனக்குப் புத்தகம் தைக்கிற பைண்டர்மேல் சந்தேகம். மனைவியை இழந்தவர், எல்லாப் புத்தகமும் அவர் கை வழியாகப் போகிறது, கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார். அவருடைய பென்சிலை வாங்கி ஒரு கோடு போட்டுக்கூடப் பார்த்தேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று வாக்கியங்கள். புத்தகம், பக்கம், வரி எல்லாம் குறித்துக்கொண்டுதான் கோடுகளை அழித்தேன். பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும், என் கையெழுத்து கிறுக்கல், அதனால் உங்கள் மாமியாரிடம் கொடுத்து நல்ல பிரதி எடுக்கச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் எழுதினாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "இதை எல்லார் முன்னாலயும் படிக்கணுமா?" என்றாள். விசாரணை என்றால் படிக்காமல் எப்படி என்றேன். அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாப்பிள்ளை. சொல்லியிருக்கலாம் அல்லவா? அதை அவளிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் நான் படித்தேன். பரீட்சை மண்டபத்தில் விதிமுறைகளைப் படிக்கிற குரலில், வரிசை எண்ணோடு படித்தேன். முதல் பத்துக்குச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இருபதைத் தாண்டியபோது பைண்டர் எழுந்து, "சார், போதும் விட்டுருங்க" என்றார். குற்றவாளி தானாகவே வருகிறான் என்று எனக்கு உற்சாகம். நாற்பத்து மூன்றையும் முடித்துவிட்டு, இதைச் செய்தவர் எழுந்து நிற்கலாம் என்றேன். மூன்றாவது வரிசையில் உங்கள் மாமியார் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "நான்தான் போட்டேன்" என்றாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று என் மகள் சொல்வாள். விசாரணை அதிகாரிக்கு அப்படிப் பழக்கமில்லை. எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன். "இதையெல்லாம் என்கிட்ட யாராவது சொன்னா எப்படி இருக்கும்னு பாக்கறதுக்கு." எத்தனை வருஷமாக? "நமக்குப் பொண்ணு பொறந்த வருஷத்துலேர்ந்து." எல்லாவற்றையும் நோட்டில் பதிவு செய்துகொண்டேன். விதிப்படி ஆறு மாதம் உறுப்பினர் உரிமை நிறுத்தம், எல்லாக் கிளைகளுக்கும் பொருந்தும் என்று அங்கேயே உத்தரவு எழுதி முத்திரை வைத்தேன். என் மனைவி என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்? வீட்டுக்கு வந்தால் பெட்டி வாசலில் இருந்தது. "மூணு நாளைக்குச் சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்றாள். போய்விட்டாள்.

நான் என்ன பெரிய தப்பு செய்துவிட்டேன்? குடித்தேனா, அடித்தேனா, கரண்ட் பில் கட்டாமல் வீட்டை இருட்டில் வைத்தேனா? அந்த நாவல்களில் வருகிற ஆண்களுக்கு வேலை வெட்டி கிடையாது. போன வாரம் ஒன்றை எடுத்து முழுசாகப் படித்தேன். கதாநாயகன் கட்டடப் பொறியாளன் என்று போட்டிருக்கிறார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு பக்கத்தில்கூட அவனைக் காணோம். எந்நேரமும் அவள் வாசலில் நின்றுகொண்டு, களைப்பாக இருக்கிறதா, தலை வலிக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படி நின்றிருந்தால் நாலாயிரம் விடைத்தாளை யார் பார்ப்பது? நானும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். யோசித்து யோசித்து அது எப்போது என்று கண்டுபிடித்தேன். அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலை. மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வெறும் வயிறாக இருக்கிறாளா என்று நர்ஸ் கேட்டு வரச் சொன்னாள். வேறு ஒன்று ஞாபகம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. ஆனால் வெட்கப்பட்டதற்காக விதி மாறாது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டிக்கு அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்து நீங்களே ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, தயவுசெய்து தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் என் மகளிடம் நாளுக்கு நாலு தடவை சாப்பிட்டாயா, தூங்கினாயா, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்பதாகக் கேள்விப்படுகிறேன். போன தடவை வந்திருந்தபோது நானே கண்ணால் பார்த்தேன், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இதையெல்லாம் நிறுத்தி வையுங்கள். தினமும் இதைக் காதால் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறவளுக்கு இங்கே திரும்பி வர எப்படி மனசு வரும்? கொஞ்சம் எரிந்து விழுங்கள். தட்டை நகர்த்திவிட்டுப் பேப்பர் படியுங்கள். ஒன்றிரண்டு நாள் பழகினால் வந்துவிடும், ஒன்றும் கஷ்டமில்லை. அவள் வந்ததும் எழுத்துமூலமாக வருத்தம் தெரிவித்தால், ஆறு மாதத்தை மூன்றாகக் குறைக்க என் அதிகாரத்தில் இடமிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கும் என் மகளுக்கும் உடம்பும் மனசும் ஒருசேர நன்றாக இருக்கட்டும். பேத்தி எல்லா வகுப்பிலும் தேறி, யாருடைய விடைத்தாளையும் பார்க்காமல் பெரியவளாகட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
நலம் விரும்பும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நூலகப் பெண் என் கையெழுத்துக்குக் காகிதங்கள் கொண்டுவந்தாள். அதில் உங்கள் ஊர்க் கிளையிலிருந்து தபாலில் வந்த ஒரு விண்ணப்பம் இருந்தது. உறுப்பினர் உரிமையை அங்கே மாற்றித் தரச் சொல்லி உங்கள் மாமியார் எழுதியிருக்கிறாள். தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு இருக்கிறது, பொருந்தாததை அடிக்க வேண்டும்; தற்காலிகத்தை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாள். காரணம் என்ற இடத்தில், 'இங்கே உள்ளதைப் படித்து முடித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். உரிமை நிறுத்தத்தில் இருப்பவரின் விண்ணப்பத்தை நான் பார்க்கவே வேண்டியதில்லை, அப்படியே திருப்பி அனுப்பலாம், விதி என் பக்கம்தான் இருக்கிறது. அரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூலகப் பெண் பாவம், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் உத்தரவை நானே ரத்து செய்து எழுதி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கிளையில் கொடுத்துவிடுங்கள், டிக்கெட் எடுக்க வேண்டாம். நீங்கள் வீட்டில் எப்போதும்போலவே இருங்கள். அவளுக்காக நான் ஒரு விதியை மீறியது இதுதான் முதல் தடவை. அதுவும் அவள் என்னைவிட்டுப் போவதற்கு.