நீ யாரென்று முதலில் சொல்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் மகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை. மானத்துக்குத்தான் குறைவு வந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். காகிதத்தில் கத்தினால் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது.

விஷயம், உங்கள் கம்பெனியின் ட்ரோன் பற்றியது. அதன் பாதுகாப்புக்கும் நம்பகத்துக்கும் நீங்கள்தான் தலைவர் என்று கல்யாணத்துக்கு முன்பே உங்கள் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். அந்தத் தலைவர்தான் போன முறை வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஓடிபி பாடம் நடத்தினார். "பேங்க்ல இருந்து கேட்டா சொல்வீங்களா மாமா?" என்றீர்கள். மாட்டேன் என்றேன். "போலீஸ் கேட்டா?" மாட்டேன் என்றேன். "நானே கேட்டா?" அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினேன், மாப்பிள்ளை ஆயிற்றே. "எனக்கும் சொல்லக் கூடாது மாமா" என்று விரலை ஆட்டிச் சொன்னீர்கள். அன்று முதல் அதை வேதமாக வைத்திருக்கிறேன். இப்போது வேதம் சொன்னவரே ஆள் அனுப்பி எண் கேட்கிறார். அதுவும் ஆள்கூட இல்லை.

உங்கள் அத்தையின் காதுக் கருவி பழுதாகி, சரிசெய்யப் போயிருந்தது உங்களுக்குத் தெரியும். குழந்தை இப்போது 'ங்கா ங்கா' என்று பேச ஆரம்பித்துவிட்டாளாம். போனில் முகத்தைக் காட்டினால் இவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறாள், அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாய் அசையுது, சத்தம் வரல. ஊமைப் படம் பாக்குற மாதிரி இருக்கு" என்கிறாள். பேத்தி பேசும் முதல் பேச்சு பாட்டி காதில் விழாமல் போகிறதே என்று எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அதனால்தான் மகள் ட்ரோனில் கருவியை அனுப்புவதாகவும், அதற்கான எண் என் போனுக்கு வரும் என்றும் சொன்னபோது சரி என்றேன். வந்தது பாருங்கள் ஒன்று. கேட்டைத் திறக்கவில்லை, மணி அடிக்கவில்லை, சுவரைத் தாண்டி உள்ளே வந்து என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "வணக்கம். தயவுசெய்து உங்கள் ரகசிய எண்ணைச் சொல்லவும்" என்கிறது. ரகசிய எண்ணாம். அதை ஒலிபெருக்கியில் கேட்கிறது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்துக் கற்றேன். ஆனால் கிடங்கு வாசலில் நின்று தலை நரைத்தவன். வாசலுக்கு ஒரே சட்டம்தான். வருகிறவன் முதலில் தான் யாரென்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். முதலாளி ஒருநாள் மீசையை எடுத்துவிட்டு வந்தபோது அவரையே வெயிலில் நிறுத்தி வைத்தவன் நான். ஆகவே இதையும் நிறுத்தி, "யாருப்பா நீ, எங்கிருந்து வர்ற?" என்று முறையாகக் கேட்டேன். "மன்னிக்கவும், எண் தவறு" என்றது. நான் எங்கே எண் சொன்னேன்? "நான் எண்ணே சொல்லலையே" என்றேன். "மன்னிக்கவும், எண் தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது" என்றது. கேள்வி கேட்ட பாவத்துக்கு என் இரண்டு வாய்ப்பைப் பிடுங்கிக்கொண்ட நியாயம் உலகத்தில் எங்காவது உண்டா மாப்பிள்ளை? எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "சொல்லித் தொலைங்களேன் ஐயா, குளவிக்கூடு கலைஞ்ச மாதிரி இரையுது" என்றார். நான் அசையவில்லை. "சரி, என்கிட்டயாவது சொல்லுங்க, நான் அதுகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து தையல்காரர் மீதும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை வந்தபோது நான் தயாராக இருந்தேன். வேண்டுமென்றே பொய் எண் ஒன்றைச் சொன்னேன். தவறு என்று உடனே கண்டுபிடித்துவிட்டது. அப்போதுதான் எனக்குச் சங்கதி விளங்கியது. சரியான எண் அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தே கேட்கிறது. தெரிந்தவனிடம் நான் எதற்குச் சொல்ல வேண்டும்? தெரியாதவனிடம் எப்படிச் சொல்ல முடியும்? இதற்கு உங்கள் பிரிவில் யாராவது பதில் வைத்திருந்தால் எழுதவும். என்னை அது சோதிக்கலாம், அதை நான் சோதிக்கக் கூடாது என்றால், அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள். என் வீட்டு வாசலில் அது அந்நியனா, நான் அந்நியனா?

மூன்றாம் முறை அதன் கண்ணில் முகம் படக் கூடாது என்று குடையை விரித்துக்கொண்டு போனேன். அது அடித்த காற்றில் குடை மேல்நோக்கி மடிந்துகொண்டது. கொடியில் காய்ந்த என் சட்டை பறந்து தையல்காரர் வீட்டுக் கூரையில் விழுந்தது. அதை எடுத்து வந்தவர், "ரெண்டு பொத்தான் போயிருக்கு, தைச்சே தந்துடட்டுமா?" என்று கேட்டார். இந்த லட்சணத்தில் என்னைப் படம் வேறு எடுத்து, 'பெறுநர் ஒத்துழைக்கவில்லை. பெறுநரின் அடையாளத்தில் ஐயம் உள்ளது' என்று என் மகளுக்கே அனுப்பியிருக்கிறது. என் அடையாளத்தில் ஐயமாம். நான் பெற்ற பெண்ணிடம் சொல்கிறது. அவளும் படத்தைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, "எங்க அப்பாவா அப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எழுதுகிறவர் மரியாதையாக உட்கார வைத்து, என்ன திருடு போயிற்று என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை, அது கொடுக்க வந்தது என்றேன். பேனாவை மூடினார். கொடுக்கிற மாதிரி வந்து எண்ணை வாங்கப் பார்க்கிறது என்று விளக்கினேன். மறுபடி திறந்தார். கம்பெனி யாருடையது என்றார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடம் என்றேன். பேனாவைச் சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டு, "ஐயா, இது குடும்பத் தகராறு. வீட்டுப் பெரியவங்களை வச்சுப் பேசித் தீர்த்துக்குங்க" என்றார். வீட்டுக்குப் பெரியவனே நான்தான் என்றேன். அதுதான் சிக்கல் என்றார்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நான் காவல் நிலையத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து அது இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அது உண்மையான ட்ரோனாக இருந்தால் திரும்பி வந்திருக்காதா? நான் சந்தேகப்பட்டது சரி என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பாவம், உங்கள் அத்தைதான் கருவி இல்லாமலே பொறுமையாக இருக்கிறாள். நான் எவ்வளவு கத்தினாலும் கோபப்படாமல் புன்சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று போனில் குழந்தை வாயை அசைத்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் கேட்காமலே புரிந்துகொள்கிறது பெற்ற மனசு. அதைப் பார்த்துத்தான் என் வயிறு எரிந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இந்த விஷயத்தில் அவளும் முழுக்க என் பக்கம்தான்.

ஆகவே என் தீர்மானம் இது. உங்கள் ட்ரோன் இனி யார் வாசலுக்குப் போனாலும் கேட்டுக்கு வெளியே நின்று, தான் யார், யார் அனுப்பியது, எடுக்கிற படம் எங்கே போகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி எழுதியதற்குக் கம்பெனி வருத்தம் தெரிவிக்க வேண்டும். காதுக் கருவியை முகம் உள்ள ஒரு மனிதர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அதுவரை எண் என் நாக்கை விட்டு இறங்காது.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள் உண்டு, பதில் வந்த பிறகு முழுமையாக அனுப்புகிறேன். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குடை விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அடையாளத்தில் ஐயம் இல்லாத உங்கள் மாமனார்

பி.கு.: எழுதியதில் பிழை இருக்கக் கூடாது என்று கூடத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். 'அவளும் முழுக்க என் பக்கம்தான்' என்ற இடம் வந்தபோது அடுக்களையிலிருந்து உங்கள் அத்தை, "நான் எப்ப உங்க பக்கம் வந்தேன்? அந்த வரியை அடிச்சிடுங்க" என்றாள். எட்டிப் பார்த்தால் காதில் கருவி இருக்கிறது. நான் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ட்ரோன் வந்ததாம். மகள் இவள் போனுக்கு எண்ணை அனுப்பினாளாம், இவள் ஜன்னல் வழியாகச் சொன்னாளாம், கொடுத்துவிட்டுப் போயிற்றாம். அது யாரென்று கேட்டாயா என்றேன். "மாப்பிள்ளை செஞ்சதுதானே, அதுல என்ன கேக்குறது?" என்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "குழந்தை பேசும்போது மாட்டிக்குவேன். நீங்க பேசும்போது கழட்டி வச்சிடுவேன். ரெண்டுக்கும் சௌகரியமா இருந்துச்சு" என்றாள். என் தீர்மானத்தில் மாற்றம் இல்லை. கருவியை ஆள் மூலம் அனுப்ப வேண்டிய அவசியம் மட்டும் இல்லை. அவள் சொன்ன வரியையும் நான் அடிக்கவில்லை. ஆனால் இனி எழுதும் கடிதங்களை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதாக இல்லை.