எங்கள் வீட்டுப் புகையில்லாப் பொங்கல்

மனித குலத்தைப் புகையிலிருந்து விடுவிக்க யுகங்கள் தேவையில்லை. நாற்பது நாளும் பதினெட்டு மணி நேரமும் போதும். இதை நிரூபித்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் என் அப்பா ராஜாராம், அம்மா சுலோச்சனா, நான், நான்கு மாடுகள். இடம், உத்திரமேரூரில் வாலாஜாபாத் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒன்றரை மைல் நடந்தால் வரும் எங்கள் ஊர். ஆண்டு எண்பத்து நான்கு முடிந்து எண்பத்தைந்து பிறந்த சமயம்.

நைனாவுக்கு (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சுற்றுப்புறச் சூழலின் மேல் பற்று வந்தது இரண்டே நாளில். செங்கற்பட்டில் நடந்த ஒரு முகாமுக்குப் போனவர், ஒரு சணல் பை, ஒரு பிளாஸ்டிக் கோப்பு, 'பண்டிகையும் மாசும்' என்ற துண்டுப் பிரசுரம் முந்நூறு பிரதிகள் ஆகியவற்றுடன் திரும்பினார். மாற்றம் குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. குடும்பம் உடனே தொடங்கியது.

அந்தத் தீபாவளிக்கு வெடி கிடையாது. மூவரும் வாசலில் நின்று, நைனா எண்ணிக்கை சொல்ல, மும்முறை கைதட்டினோம். எதிர்வீட்டு நாய் பயந்து ஓடியது. ஆகவே பயன் அளவில் வெடிக்கும் கைதட்டலுக்கும் வேறுபாடு இல்லை என்று நைனா குறித்துக்கொண்டார். கார்த்திகைக்கு ஐம்பத்தொரு விளக்கு ஏற்றுவது வழக்கம். இம்முறை ஒரே விளக்கை ஏற்றி, ஐம்பத்தோர் இடத்தில் வைத்து வைத்து எடுத்தோம். எண்ணெய் மிச்சம். அம்மாவுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பொங்கல்தான் சிகரம். கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி கட்டினோம். வட்டமான ஆழக் குழி. மேலே கவிழ்த்த அண்டா போல ஓர் இரும்பு மூடி. உள்ளே சாணம் புளிக்கும், வாயு சேரும், மூடி உயரும், குழாய் வழியாக அடுப்பு எரியும். புகை இராது. பொங்கலன்று காலை எட்டு மணிக்கு, முகாம் நடத்திய 'புகையில்லாப் பண்டிகைக் குழு' வந்து பார்வையிடும். அப்போது பானை பொங்கியிருக்க வேண்டும்.

நான் காஞ்சிபுரத்தில் வேதியியல் படித்தவள். என் பி.எஸ்ஸி. அதுவரை வீட்டில் யாருக்கும் உதவியதில்லை. நைனா என்னைத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஆக்கினார். பேச வேண்டியதில்லை, கணக்குப் போட்டால் போதும் என்றார். எனக்கும் அதுதான் சௌகரியம். நான்கு பேர் எதிரில் வாய் திறந்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

கணக்குப் போட்டேன். தொட்டிக்குத் தினம் எழுபத்தைந்து கிலோ சாணம் வேண்டும். எங்கள் மாடுகள் முழு ஒத்துழைப்புக் கொடுத்தால் நாற்பது கிலோ. பாக்கி முப்பத்தைந்துக்கு எதிரே 'இதர ஆதாரங்கள்' என்று எழுதினேன். முதல்முறை தொட்டியை நிரப்பவே மூன்று டன் ஆகும். அதற்கு எதிரேயும் அதையே எழுதினேன்.

'இதர ஆதாரங்கள்' காலனியில் வசித்தன. பன்னிரண்டு வீடுகள். எல்லாரும் எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் முனியம்மாள் எங்கள் மாட்டுக் கொட்டகையைப் பெருக்குகிறவள். பெருக்குகிறவளுக்குத் தினம் ஒரு கூடை சாணம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதையும் வரப்பில் பொறுக்கியதையும் சேர்த்து, கொட்டகைச் சுவரில் வரட்டி தட்டுவாள். அவள் அடுப்பு எரிந்தது அதில்தான். ஏரியில் முள் வெட்டி எரிக்கலாமே என்றால் முடியாது. முகாமிலிருந்து வந்த மறுவாரமே நைனா அதற்குத் தடை வாங்கிவிட்டார். மரம் காப்பதும் சூழல்தானே.

சாணம் தேசத்தின் சொத்து, அதை எரிப்பது குற்றம், இனி நம் நிலத்தில் விழும் சாணம் அனைத்தும் தொட்டிக்கே என்று நைனா அறிவித்தார். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். முனியம்மாள் ஏற்கெனவே தட்டிக் காயவைத்திருந்த அறுபது வரட்டியை நைனா பறிமுதல் செய்யவில்லை. 'பாதுகாத்தார்.' கொட்டகையை ஒட்டிய அறையில் அடுக்கிப் பூட்டினார்.

தொட்டி நிரம்பி மூடி இறங்கியபோது மணி பிற்பகல் இரண்டு. பொங்கல் காலை எட்டு மணிக்கு இன்னும் நாற்பது நாள், பதினெட்டு மணி நேரம்.

காலனியில் அந்த நாட்களில் சருகும் பனை மட்டையும் வைத்து ஒருவேளை கஞ்சி காய்ச்சினார்கள். ஒருவேளை சமைத்தால் பாதிப் புகைதான். இதையும் நைனா குறித்துக்கொண்டார்.

பொங்கலுக்குப் பதினைந்து நாள் இருக்கையில் முனியம்மாள் என்னைக் கொல்லையில் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் கனகாவைப் புரட்டாசிக்கு முன்புதான் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் ஆளுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"பொண்ணும் மாப்ளயும் வராங்கோ பாப்பா. தலைப் பொங்கலு. மாமியார்க்காரி ஏற்கெனவே ஒண்ணுமில்லாத வூட்ல பொண்ணு எடுத்துட்டோம்னு பேசிக்கினு கீறா. பானை பொங்கலன்னா அந்தப் பொண்ண இன்னா பாடு படுத்துவாளோ. என் வரட்டில ஒரு இருபத்தஞ்சு, உங்க நைனாகிட்ட கேட்டுக் குடேன்."

சொல்கிறேன் என்றேன். அன்று நைனா மூடியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். மறுநாள் பிரசுரங்களை மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நேர் எதிரில் போய் நின்றேன். "இன்னா?" என்றார். தொட்டியின் காரத்தன்மை திருப்திகரம் என்றேன்.

கடைசியில் முனியம்மாளே கேட்டுவிட்டாள். நைனா கோபப்படவில்லை. வரட்டிப் புகை நுரையீரலையும் விழியையும் எப்படித் தாக்குகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார்.

"உன் கண்ணு நல்லா இருக்கணும்னுதான் பூட்டி வெச்சிக்கீறேன்."

"கண்ணு நல்லாத்தான் கீது சாமி. பூட்டு நல்லாத் தெரியுது."

நைனா அவளுக்கு ஒரு பிரசுரம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் நிறையக் கிடைக்குமா என்று கேட்டாள். விழிப்புணர்வு பரவுவதை நைனா கண்ணாரக் கண்டார். என்னிடம் மட்டும் தனியாக, இந்தக் காகிதம் நின்று எரியுமா என்று விசாரித்தாள்.

முப்பத்தோராம் நாள் வாயு வந்தது. நீலச் சுடர் பதினொரு நிமிடம் நின்றது. அரைப்படி பால் வெதுவெதுப்பானது. நைனா கைதட்டினார், நாங்களும் தட்டினோம். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மார்கழிக் குளிரோடு மழையும் சேர்ந்தால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் மந்தமாகும் என்று எழுதிக் காட்டினேன்.

"அதுங்களுக்கு இன்னா, போகி லீவா?" என்றார் நைனா.

போகியன்று காலை மூடியின் உயரத்தை அளந்து சொன்னேன். அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார்.

பொங்கலன்று மழை விட்டிருந்தது. சரியாக எட்டு மணிக்குக் குழுவின் சார்பில் கோபால் என்ற கள அலுவலர் சைக்கிளில் வந்தார். கையில் நான்கு பக்கப் படிவம். வெண்கலப் பானை வாயு அடுப்பின் மேல் இருந்தது. பொங்கி வழிந்த தடம் நான்கு பக்கமும் அழகாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"சுடர் தெரியலையே?"

"நீலச் சுடர் சார். பகல்ல கண்ணுக்குத் தெரியாது. சைன்ஸ்," என்றார் நைனா.

அலுவலர் அடுப்பருகே கையை நீட்டினார். "சூடும் தெரியலையே?"

"அதான் சார் சிக்கனம்."

'சிக்கனம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பானையின் அடியில் பொட்டுக் கரிகூட இல்லாததைத் தொட்டுப் பார்த்து வியந்தார். அம்மா புளி போட்டுத் துலக்கியிருந்தாள். பொங்கல் நிறைந்த பானையை வெளிப்பக்கம் துலக்குவது எளிய வேலை அல்ல.

பிறகு மாடிக்குப் போய்க் காலனிப் பக்கம் பார்த்தார். பன்னிரண்டு கூரைகள். ஒன்றிலும் புகை இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகாம்களில் எத்தனையோ பேசியிருக்கிறார். ஒரு முழுக் கிராமம் இப்படி மனம் மாறி அவர் பார்த்ததில்லை. நைனா அடக்கமாகத் தலை குனிந்தார். கீழே இறங்கியதும், கொட்டகை பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாளிடம் அலுவலர் கேட்டார்.

"ஏம்மா, உங்க பக்கமும் புகையே இல்லையே. எப்படிச் செஞ்சீங்க?"

"அடுப்பு பத்த வெச்சாத்தான சார் பொக வரும்."

அலுவலர் இதை எழுத்து நடையில் பதிந்தார்: 'பிரச்சினையை இவ்வூர் மக்கள் வேரிலேயே களைந்துள்ளனர்.' எங்கள் ஊரைப் 'புகையில்லாக் கிராமம்' என்று அறிவிக்கப் பரிந்துரை செய்யப்போவதாகவும் சொன்னார்.

அவர் நைனாவோடு பேசிக்கொண்டே படிவத்தைப் பூர்த்தி செய்கையில் முனியம்மாள் என் பக்கம் வந்து நின்றாள்.

"மாப்ள ஒம்போது மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன்னு சட்டைய மாட்டிக்கினு நிக்கறாரு. அரிசி களஞ்சி வெச்சிட்டேன். சருகெல்லாம் ஈரம். இன்னும் நேரம் கீது பாப்பா. இப்பவாவது கேளேன்."

படிவத்தின் கடைசிக் கட்டம் மிச்சம் இருந்தது. 'பயன்படுத்திய எரிபொருள்: தொழில்நுட்ப ஆலோசகரின் உறுதிமொழி.' அலுவலர் பேனாவை என்னிடம் நீட்டினார். சாண எரிவாயு என்று எழுதச் சொன்னார் நைனா. ஆலோசகர்தான் தன் வாயால் சொல்ல வேண்டும், விதி அப்படி என்றார் அலுவலர்.

"சொல்லும்மா. பொங்கல் எதுல வெந்தது?"

அம்மாவோடு சேர்த்து நான்கு பேர் எதிரில் இருந்தார்கள். முனியம்மாளைப் பார்த்தேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் இருபத்தைந்து வரட்டி கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"வரட்டியில, சார்," என்றேன். "கேஸ் மூணு நாளா வரல. விடியறதுக்குள்ள பூட்டத் தெறந்து, முனியம்மா தட்டின வரட்டியில இருபத்தஞ்சு எடுத்து, கொட்டாயில வெச்சுப் பொங்கினோம். மிச்சம் முப்பத்தஞ்சு உங்க கண்ணுல படக் கூடாதுன்னு, அதுல சுடுதண்ணி வெச்சி நாங்க மூணு பேரும் குளிச்சோம்."