காற்றின் திசை தரப்படவில்லை

எனக்கு உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு ஏ. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆலங்குடாவில் எங்களுக்குக் கருவாடு காயவைக்கும் தொழில். உம்மாவும், என்னை நானா என்று கூப்பிடுகிற தங்கச்சி நஸ்ரினும் விடிந்ததிலிருந்து பாயும் மீனுமாக நிற்பார்கள். நான் அந்தப் பக்கம் போனால் உம்மா துரத்துவார்: "நீ படிக்கிற புள்ள, உள்ளுக்குப் போ." (நானும் பெரிய தியாகி மாதிரிப் போய்விடுவேன்.) பதின்மூன்று வருடப் பள்ளிக்கூட வாழ்க்கையில் ஒரு நெத்தலியைக்கூடப் புரட்டிப் போட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற இடம். அவர்களை எத்தனை மணிக்கு இறக்குவது என்று அட்டவணை போட ஆள் தேடினார்கள். எனக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைக்கவில்லை. (மற்ற இரண்டு பாடங்களைப் பற்றி இங்கே கதைக்க வேண்டாம்.) அதனால் அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

நேர்முகத் தேர்வு கடற்கரையிலேயே, ஒரு மேசை போட்டு. மெனேஜர் சிலாபத்துக்காரர். என் பைலைத் தொடவேயில்லை.

"தம்பி, இப்ப காத்து எங்கேந்து வருது?"

கேள்வியின் மிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சேர், காற்றின் திசை தரப்படல்ல."

"ஆரு தரணும்?"

"கேள்வியில தந்திருக்கணும் சேர். தெற்கு நோக்கி வீசுது எண்டு எடுத்துக்கொண்டா செய்யலாம்."

என் தலைமயிர் முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். நானோ, அந்த ஏ-யைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பைலைத் திறந்தேன். சான்றிதழ் எழும்பிப் பறந்து, வேலிக்கு மேலால் போய் மறைந்தது. அசல் சான்றிதழ். பிரதியும் எடுத்து வைக்கவில்லை. நான் எடுத்துக்கொண்ட தெற்கை நோக்கி ஓடினேன்.

மெனேஜர் ஓடவில்லை. வேறு பக்கமாக, ஆறுதலாக நடந்தார். நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அவர் எங்கள் வீட்டு வளவு வேலியில் சாய்ந்து நின்றார். உள்ளே நஸ்ரின், பாயில் விழுந்த என் சான்றிதழிலிருந்து நெத்தலிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"சோளகம், தென்மேற்கால வருது," என்றாள், தலையை நிமிர்த்தாமலே. "நாலு மணி போலக் குறையும். அதுக்குள்ள ஒருக்காப் புரட்டணும்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாட்டிப் புழு வைக்கும், சேர்."

வேலை அவளுக்குக் கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சையிலேயே கணிதம் தவறியவள். எனக்கு ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. பொறாமைதான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் பொறாமை போன பிறகும் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை: பத்தொன்பது வருடம் அந்தக் காற்றுக்குள்ளேயே இருந்தவனுக்கு, ஒருநாளாவது அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஏன் தோன்றவில்லை?

இப்போது நான் எத்தாளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். (இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் என் பைலைத் திறந்த அம்மணி, கருவாட்டு மணம் எங்கிருந்து வருகிறது என்று தன் சாப்பாட்டுப் பார்சலை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.) முதல் பாடத்துக்குப் பிள்ளைகளை முற்றத்தில் இறக்கி, காற்றைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். இது பாடத்திட்டத்தின் எந்த அலகில் வருகிறது என்று அதிபர் கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

நஸ்ரின் இன்றைக்கு அந்த ஹோட்டலின் அட்டவணை முழுவதற்கும் பொறுப்பு. போன வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்புக் குறைவு.

"உம்மா, உப்பு எங்க?" என்றேன்.

உம்மா வாய் திறக்கு முன் நஸ்ரின் சொன்னாள்:

"தரப்படல்ல நானா. எழும்பிப் பாருங்க."