தெய்வாத்தாளுக்குக் கிடைத்த ஓய்வு

பனியன் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்த மறுநாளே ஈஸ்வரமூர்த்தி ஒரு வீர சபதம் எடுத்தார். இனிமேல் மனைவியின் சமையலைச் சாப்பிடுவதில்லை.

காரணம், கொழுப்பு. ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதும், "அது கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க" என்றாள் தெய்வாத்தாள். அன்றோடு தேங்காயும் எண்ணெயும் உப்பும் அவர் இலையை விட்டு நாடு கடத்தப்பட்டன. வாழ்க்கையே உப்புச் சப்பில்லாமல் போயிற்று.

அப்போதுதான் சிநேகிதர் சாமியப்பன் சேதி கொண்டுவந்தார். பொங்கலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வயதான தம்பதிகளுக்கென்றே ஒரு மில் முதலாளி சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி விற்கிறாராம்.

"நான் குடி போயே ஒரு மாசமாச்சப்பா. எல்லாருக்கும் ஒரே சமையக்கட்டு. சாயங்காலமானா வாழைக்காய் பஜ்ஜி. ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு. பொம்பளைக அடுப்புப் பக்கமே போறதில்ல."

ஈஸ்வரமூர்த்தியின் வாயில் எச்சில் ஊறியது. முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"தெய்வா, இத்தன வருசமா அடுப்புல வெந்துட்டே. இனி நீ கரண்டியே புடிக்கக் கூடாது. இந்த ஊட்ட வித்துப்போட்டு அங்க போயிரலாம்."

"எனக்காகவாங்க?"

"பின்ன, எனக்காகவா?"

தெய்வாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்க."

போனார்கள். அவர் வீட்டைப் பார்த்தார். அவள் சமையல்கட்டைப் பார்த்தாள். முதலாளியோடு தனியாக ஏதோ பேசினாள். திரும்பி வரும்போது, "சரீங்க, வித்தர்லாமுங்க" என்றாள். தன் சாமர்த்தியத்தை மெச்சி முதுகில் தட்டிக்கொள்ள ஈஸ்வரமூர்த்திக்குக் கைதான் எட்டவில்லை.

திருப்பூர் வீட்டை விற்றார்கள். குடிபோன அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் முதல் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். இலையில் வெந்த சுரைக்காய் விழுந்தது. பின்னாலேயே கொள்ளு ரசம். வாயில் வைத்தார். உப்பில்லை!

"எவன்டா சமையக்காரன்?"

உள்ளேயிருந்து தெய்வாத்தாள் வந்தாள்.

"எண்ணெய்ச் செலவப் பாதியாக் கொறைக்கறேன்னு சொன்னனுங்க. மொதலாளி இன்னைக்கிருந்து மேப்பார்வைய எங்கிட்ட ஒப்படைச்சுட்டாருங்க."

"கரண்டியே புடிக்கக் கூடாதுன்னனே!"

"புடிக்கலீங்க. புடிக்கறவங்கள ஆட்டி வெக்கறனுங்க. திடீர்னு எம்மேல உங்களுக்குக் கருணை பொங்குனப்பவே நெனச்சனுங்க, இதுல என்னமோ வெவகாரம் இருக்குதுன்னு."

பந்தியிலிருந்த கிழவர்கள் அத்தனை பேரும் ஈஸ்வரமூர்த்தியை முறைத்தார்கள்.

"நீ தப்பிக்க வந்தயா, எங்களையும் சேத்து மாட்டிவுட வந்தயா?" சாமியப்பன் பல்லைக் கடித்தார்.

சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் அவித்த பயறு வந்தது. சிநேகிதர்கள் இரண்டு பேரும் நைசாக நழுவி, பஸ் ஸ்டாப் டீக்கடையைக் குறி வைத்துக் கேட் பக்கம் நடந்தார்கள். பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்து கும்பிட்டான்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க சாமி."

"யாரக் கேக்கறது?"

"உங்க ஊட்டம்மாவத்தானுங்க. கேட் சாவியும் இப்ப அவங்க இடுப்புலதானுங்க இருக்குது."