ஊதுங்க சாமி

கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் போகிற யாரும் அந்த ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் தப்ப முடியாது. தென்னை உயரத்துக்கு நின்றது. காவி கட்டிய ஒருவர் அதில் ஒரு பாட்டிலை மிதித்துக்கொண்டிருந்தார். ‘ஒரே ஊதல்! ஒரே கயிறு! குடி ஒழிந்தது!’ என்று மேலே கொட்டை எழுத்து. ‘பிறந்தது முதல் மதுவின் வாடை அறியாத மகான்’ என்று நடுவில் இன்னொரு வரி. ‘நம்பிக்கை இல்லாதவர்க்குப் பலன் இல்லை’ என்று கீழே எறும்பு ஊர்வது போல ஒரு வரி. அந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. தப்பி ஓடுகிற வழியை இந்தத் தொழிலில் எப்போதும் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள்.

மகானின் பெயர் மதுமர்த்தன அடிகள். தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டு அமர்ந்திருந்தார். ஞாயிறு வந்தால் அவிநாசியிலிருந்து வேன், சோமனூரிலிருந்து வேன், கோவையிலிருந்து ஏசி கார். விசைத்தறி முதலாளியும் வந்தார், கம்ப்யூட்டர் கம்பெனி மேலாளரும் வந்தார். மூடநம்பிக்கையில் மட்டும் நம் ஊரில் உயர்வு தாழ்வு கிடையாது.

வைத்தியம் ரொம்பச் சுலபம். குடிப்பவன் வயிற்றில் ‘மதுப்பிசாசு’ குடியிருக்கிறதாம். அடிகளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் தெளிந்த தண்ணீர். பப்பாளி இலைக் காம்பைக் குடிகாரன் வாயில் வைத்து, மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டு ஊதச் சொல்வார். அவன் ஊத ஊதத் தண்ணீர் பால் போல வெளுக்கும். “பார்த்தீர்களா பிசாசை!” என்று அடிகள் உறுமுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கயிறு கட்டி, தீர்த்தம் கொடுத்து, காணிக்கைத் தட்டு சுற்றி வந்ததும், இன்னொரு குடுவையில் ஊதச் சொல்வார். தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். பிசாசு போய்விட்டது!

இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்று வெளியேறுகிற பிசாசை உலகம் கண்டதில்லை.

பூவாத்தாள் தன் புருஷன் காளிச்சாமியை அங்கே இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. காளிச்சாமிக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. நல்ல மனுஷன். ஆனால் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அவருக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை ஆடும். மகள் தன் நிச்சயதார்த்தத்தன்று அப்பா மேடைக்கு வர வேண்டாம் என்று சொன்னபோது, அவர் காருக்குள் உட்கார்ந்து அழுதார். அழுதுவிட்டு, அதற்காகவும் குடித்தார்.

அப்புறம்தான் சோமனூர் சுரேந்தர் அவரைப் பிடித்தான். சுரேந்தரும் ஒரு காலத்தில் பாருக்குள் விழுந்து கிடந்தவன்தான். கோவையில் ஒரு பள்ளிக்கூட மாடியில் குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனான். அங்கே கூட்டத்தை நடத்துகிறவர் ராமாமணி அம்மாள். பெரிய மில் குடும்பம். கணவர் போனபின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடித்து, கல்லீரல் கெட்டு மீண்டு வந்தவர். “நானே குடிச்சவதானுங்க. எங்கிட்ட வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்பதுதான் அவர் வரவேற்பு.

அங்கே மந்திரமும் கிடையாது, தந்திரமும் கிடையாது. டீயும் சுண்டலும்தான். ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்பார்கள். முதல் கிளாஸைத் தொடுவதற்கு முன் யாராவது ஒருவருக்குப் போன் போட வேண்டும் என்பது ஒரே விதி. ராமாமணி அம்மாள் காளிச்சாமியை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர், “உங்க உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா ஆபத்து. மாத்திரையோட படிப்படியாத்தான் குறைக்கணும்” என்று எழுதிக் கொடுத்தார். பாருக்குப் போகிற சாயங்கால நேரத்தில் சுரேந்தர் அவரைப் பெருஞ்சலங்கை ஆட்டம் பழக இழுத்துப் போனான். காலில் கிலோக் கணக்கில் சலங்கை கட்டிக்கொண்டு பறைக்கு அடவு வைக்க வேண்டும். குடித்திருந்தால் முதல் அடவிலேயே கவிழ்ந்துவிடலாம். காளிச்சாமி நிறைய மிதி வாங்கினார், நிறையச் சிரித்தார். குடி பாதியாகக் குறைந்திருந்தது.

பூவாத்தாளுக்கு அந்தப் பாதி போதவில்லை. பக்கத்து ஊட்டுக்காரிகள் சும்மா இருப்பார்களா?

“ஏனுங்கக்கா, மாமன் சலங்கை கட்டி ஆடறாராமா? ஆடுனா குடி போயிருமாக்கும்? அடிகள்கிட்டப் போனா ஒரே நாள்ல போயிருதாமா!”

ஒரே நாள்! நம் ஜனங்களிடம் மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லும் டாக்டர் கெட்டவர். ஒரே நாளில் ஆகும் என்று சொல்லும் திருடன் தெய்வம்.

காளிச்சாமி குடுவையில் ஊதினார். வெளுத்தது. கயிறு கட்டினார்கள். மறுபடி ஊதினார். வெளுக்கவில்லை. பூவாத்தாள் விழுந்து கும்பிட்டாள். அடிகள் அவள் பையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, “இந்த இங்கிலீஷ் விஷத்தைத் தூக்கி எறி தாயே. அந்தக் குடிகாரர் கூட்டத்துக்கும் இனி அனுப்பாதே. இன்றோடு ஒரு சொட்டும் கூடாது. மீறினால் ரத்தம் கக்கிச் சாவான்” என்றார். அவள் மாத்திரையைக் குப்பையில் போட்டாள்.

அன்றே குடியை அடியோடு நிறுத்திய காளிச்சாமிக்கு மறுநாள் வேர்த்துக் கொட்டியது. அதற்கடுத்த நாள் காலையில் சுவரெல்லாம் தேள் ஊர்கிறது என்று கத்தினார். கட்டிலோடு சேர்ந்து உடம்பு ஆடியது. பூவாத்தாள் நடுங்கிப்போய் ஃப்ளெக்ஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

“பிசாசு இறங்குதும்மா, நல்ல சகுனம்” என்றது ஒரு குரல். “ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க. ஊசி போட்டா உள்ளயே தங்கிக்கும்.”

அவள் ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கும் வராமல், போனும் எடுக்காமல் இருக்கிறாரே என்று தேடிக்கொண்டு சுரேந்தரும் ராமாமணி அம்மாளும் வந்து இறங்கியபோது, காளிச்சாமிக்கு வலிப்பு வந்து கண் மேலே செருகியிருந்தது.

“அக்கா, கதவைத் தொறங்க! காரு எடுக்கறேன்!” என்று சுரேந்தர் அவரைத் தோளில் தூக்கினான்.

“வேண்டாஞ் சாமி, பிசாசு…” என்று பூவாத்தாள் குறுக்கே கை நீட்டினாள்.

“பூவாத்தா, கையை எடு!” என்றார் ராமாமணி அம்மாள். காரின் பின்கதவை அவரே திறந்து பிடித்தார்.

காளிச்சாமி பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் பூவாத்தாளிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

“எல்லாஞ் செரிங்க. ஆனா அந்தத் தண்ணி வெளுத்துச்சுங்களே? நான் கண்ணாலப் பாத்தனுங்க.”

ராமாமணி அம்மாள் பாடம் நடத்தவில்லை. “அம்மணி, நீங்க குடிப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“சீ! என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க!”

“அப்ப ஞாயித்துக்கிழமை நீங்களே போய் ஊதிப் பாருங்க. நானும் கூட வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை பிதுங்கி வழிந்தது. கூட்டத்தை ஒழுங்கு செய்ய ஒரு போலீஸ் ஏட்டு வந்திருந்தார். பூவாத்தாள் நேராக மேடைக்குப் போனாள்.

“சாமி, நான் ஊதறனுங்க.”

அடிகள் திடுக்கிட்டார். “தாயே, இது குடிப்பவர்களுக்கு மட்டும்.”

“பாத்துப்போடலாமுங்க” என்று அவளே காம்பை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு ஊதினாள். தண்ணீர் பால் போல வெளுத்தது.

கூட்டம் ‘ஆ’ என்றது. பூவாத்தாள் திரும்பி நின்றாள். “நான் சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்லீங்க. எனக்கெப்படிங்க வெளுக்குது?”

அடிகள் அனுபவசாலி. கண்ணை மூடித் திறந்தார். “கணவனின் பிசாசு மனைவியைப் பற்றிக்கொண்டது! யாம் எதிர்பார்த்ததே!”

கூட்டம் தலையாட்டியது. இந்தக் கூட்டத்தின் கழுத்துக்கு மேலும் கீழும் ஆடத் தெரிந்த அளவுக்குப் பக்கவாட்டில் ஆடத் தெரியாது.

ராமாமணி அம்மாள் எழுந்தார். “செரிங்க. உங்களுக்குத்தான் பொண்டாட்டியும் இல்ல, பொறந்ததிலிருந்து வாடையே தெரியாதுன்னு வெளிய போர்டும் வெச்சிருக்கீங்க. நீங்க ஊதுங்க சாமி. வெளுக்காமத்தான இருக்கோணும்? நாங்க கால்ல விழுந்துட்டுப் போறம்.”

அடிகள் நெற்றி வேர்த்தது.

“அறியாத பெண்ணே! யாம் ஊதினால் எமது தவவலிமையால் குடுவை வெடித்துச் சிதறும்!”

முன்வரிசைக்காரர்கள் பயபக்தியோடு பின்னால் நகர்ந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி மேலாளர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஏட்டு மட்டும் நகரவில்லை. ரோட்டில் வண்டிகளை மறித்து ‘ஊது’ என்கிற அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவருடையது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார்.

“வெடிச்சா வெடிக்கட்டும். எல்லாரும் தள்ளித்தான் நிக்கறாங்க. ஊதுங்க சாமி.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அடிகள் கை மெல்ல இரண்டாவது குடுவைப் பக்கம் போனது. பூவாத்தாள் அந்தக் கையைப் பிடித்தாள்.

“அதில்லீங்க. இது.”

அதற்கென்று அடிகள் வைத்திருந்த பானையிலிருந்தே புதுத் தண்ணீர் நிரப்பிய முதல் குடுவை முன்னால் வந்தது. அடிகள் காம்பை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. தண்ணீர் அசையவில்லை.

“கொமிழியே வரலீங்களே” என்றார் ஏட்டு. “எங்கிட்ட டெய்லி நாலு பேரு இப்படித்தான் நடிக்கறாங்க. நல்லா இழுத்து, விடாம ஊதோணும்.”

மூச்சை அடக்கி அடக்கி அடிகளின் முகம் சிவந்தது. கடைசியில் தவவலிமை தோற்று, நுரையீரல் வென்றது. புஸ்ஸென்று காற்று வெளிவந்தது. குமிழி குமிழியாகப் பொங்கி, தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஆனது. குடுவை வெடிக்கவில்லை.

“அடேங்கப்பா, சாமிக்கும் மதுப்பிசாசு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாருக்கும் இல்லீங்க” என்றார் ராமாமணி அம்மாள். “இது சுண்ணாம்பக் கரைச்சு, தெளிய வெச்சு இறுத்த தண்ணி. யாரு மூச்சு பட்டாலும் வெளுக்கும். அந்த ரெண்டாவது குடுவையில வெறுந்தண்ணி. எவன் ஊதுனாலும் வெளுக்காது. பள்ளிக்கூடத்துப் பசங்க செய்யற பரிசோதனைங்க.”

“அட, நானுங்கூடப் படிச்சிருக்கறேன்!” என்றார் மேலாளர், தூணுக்குப் பின்னாலிருந்து. படித்தது பரீட்சைக்கு. பரீட்சை முடிந்ததும் அதைத் தாளோடு கட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் திருவிழா. ஆளாளுக்கு முண்டியடித்து ஊதினார்கள். அவிநாசிப் பெரியவர் ஊதினார், வெளுத்தது. கைக்குழந்தைக்காரி ஊதினாள், வெளுத்தது. அடிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தபோது அவருடைய செந்தமிழ் காணாமல் போயிருந்தது. “ஏனுங்க ஏட்டய்யா, உட்டுருங்க, நான் ஊருக்கே போயிர்றேன்” என்று கெஞ்சினார். மருந்தை நிறுத்தச் சொல்லி உயிரோடு விளையாடினார் என்று பூவாத்தாள் கொடுத்த புகாரில் அவரை வண்டியில் ஏற்றினார்கள். பழைய பெயர் பவன் என்றும், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர் என்றும் பிறகு தெரிந்தது.

காளிச்சாமி மறுபடி மாடிக்கூட்டத்துக்குப் போனார். இந்த முறை பூவாத்தாளே பேருந்து ஏற்றிவிட்டாள். நடுவில் ஒரு சீர் விசேஷத்தில் சொந்தக்காரர்கள் வற்புறுத்த, வழுக்கிக் குடித்துவிட்டார். மறுநாள் சுரேந்தருக்குப் போன் போட்டு, “தோத்துப்போட்டேன் தம்பி” என்று அழுதார். “அதுக்கென்னங்கண்ணா, சாயங்காலம் ஆட்டத்துக்கு வாங்க, பேசிக்கலாம்” என்றான் அவன். ரத்தம் கக்கிச் செத்துப்போகவில்லை. எழுந்து போய் ஆடினார். மகள் கல்யாணத்துக்கு மேடையில் நின்றார். கை ஆடவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் சலங்கை கட்டிக் கால்தான் ஆடியது.

அந்தக் கல்யாணப் பந்தியில் ஒருத்தர் அவரிடம் ரகசியமாகக் குனிந்து கேட்டார். “ஏனுங்க, எம் பையனும் குடிக்கறான். உங்களுக்கு எந்தச் சாமிங்க நிறுத்துனது?”

“சாமியில்லீங்க. டாக்டரு, மாத்திரை, நாலு கூட்டாளிங்க. அப்புறம் சாயங்காலமானா ஆட்டம். அவ்வளவுதானுங்க.”

கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, “பாருங்க, சாமி பேரச் சொல்லாம மறைக்கறாரு!” என்றார்.

ஐயா, கழுத்துக்கு மேலே இருப்பது எவன் காலிலாவது வைப்பதற்காக முளைத்ததல்ல. உள்ளே ஒரு சாமான் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துங்கள், தேய்ந்து போகாது.