யாரும் யாரையும் பார்க்காத கல்யாணம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த மரியாதைகளுள் தலைசிறந்தது, ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல் இருப்பதுதான். கலிபோர்னியாவில் வியட்நாமியர்கள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் இந்த உண்மையை முதலில் உணர்ந்தவர் லோக். நகராட்சியில் போக்குவரத்து சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பக்கமிருந்தும் வண்டிகள் வந்தாலும் எதுவும் எதையும் சந்திக்காமல் போவதே நாகரிகம் என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவருக்கே ஒரு சின்னச் சிக்கல் பிடிபடாமல் இருந்தது: பெண்ணைப் பார்க்காமலே மாப்பிள்ளை அவளை வீட்டிலிருந்து அழைத்துப் போவது எப்படி?

பெண், அவருடைய தங்கை தோவாவின் ஒரே மகள் யென். தகப்பன் இல்லாதவள். மாப்பிள்ளை மினசோட்டா மாநிலத்து அமெரிக்கன் வெஸ்லி. வியட்நாமிய முறைப்படி அவன் காலையில் சிவப்புப் பெட்டிகளில் வெற்றிலை பாக்கும் முழுசாகச் சுட்ட பன்றியும் ஏந்தி ஊர்வலமாக வந்து, முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, பெண்ணைக் கையோடு கூட்டிப் போக வேண்டும். அமெரிக்க முறைப்படி, மண்டபத்தில் அவள் நடந்து வரும்வரை கல்யாண உடையில் அவளை அவன் பார்க்கவே கூடாது.

இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமே என்று யாருக்காவது தோன்றியிருந்தால், உலகம் இன்னொரு சாதாரணக் கல்யாணத்தைக் கண்டிருக்கும். நல்லவேளையாக, இரு சம்பந்திகளும் ‘பண்பாட்டுப் புரிதல்’ உள்ளவர்கள். அமெரிக்க வழக்கம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று காவல் காத்தவள் தோவா. வியட்நாமிய வழக்கங்களுக்குக் காவல், மாப்பிள்ளையின் அம்மா மார்லிஸ். அவர் இதற்கென்றே இணையத்தில் ஒரு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்.

மருமகள் உள்ளே நுழையும்போது மாமியார், வீட்டு அதிகாரத்துக்கு அடையாளமான வெற்றிலைச் சுண்ணாம்புக் குடுவையை எடுத்துக்கொண்டு மறைந்துவிட வேண்டும் என்று அவர் அறிவித்தார்.

“அது வடக்கத்திக்காரங்க வழக்கம் அத்தை. நாங்க தெற்கு. எங்க வீட்ல அப்படி ஒரு குடுவையே கிடையாது,” என்றாள் யென்.

“எவ்வளவு அடக்கம் பாருங்க,” என்று உருகினார் மார்லிஸ். “குடுவை நான் வாங்கிட்டேம்மா. ஒளியறதும் நான்தானே? நீ கவலைப்படாதே.”

அடுத்த பாடத்தில் இன்னொன்றும் இருந்ததாம்: பெண்ணைப் பெற்றவள் பெண்ணோடு கூடப் போகக் கூடாது.  தோவா, சம்பந்தியம்மா இவ்வளவு சிரமப்பட்டுப் படித்திருக்கிறாரே, மறுத்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று, அப்படியே ஆகட்டும் என்றாள்.

யென் மாமாவைத் தனியே இழுத்துப் போனாள். “மாமா, எனக்குப் பன்னியும் வேணாம், பெட்டியும் வேணாம். அம்மா பார்க்க மோதிரம் மாத்திக்கணும். அது ஒண்ணுதான்.”

சிக்னல் வைத்தால் எல்லாம் ஓடும் என்று அவளைத் தேற்றினார் லோக்.

முதல் ஒத்திகையில் மாப்பிள்ளையின் கண்ணை அவனுடைய டையாலேயே கட்டிப் பார்த்தார்கள். அவன் மிகுந்த பக்தியோடு ஃப்ரிட்ஜைக் கும்பிட்டான்.

“பரவால்ல மாப்ள, நல்லாத்தான் குனிஞ்சீங்க,” என்றாள் தோவா.

“அம்மா, அவர் உன் ஃப்ரிட்ஜைத்தான் கட்டிக்கப் போறார்,” என்றாள் யென்.

அப்புறம்தான் லோக்கின் மூளையில் பச்சை எரிந்தது. அவருடைய திட்டத்தின் செயல்பாடு எளிது. வீட்டிலும் மண்டபத்திலும் வாசலுக்கு ஒரு விளக்கு. ஒன்று பச்சையானால் மற்றவை தாமாகவே சிவப்பாகும். மாப்பிள்ளை முன்வாசலில் நுழைந்து கும்பிடும்போது பெண் பின்வாசல் வழியே காரேறுவாள். அவன் கார் அவள் காரைப் பின்தொடரும். அழைத்துப் போனதும் ஆயிற்று, பார்க்காமலும் ஆயிற்று. மண்டபத்தில் அவள் நுழையும்போது மார்லிஸ் குடுவையோடு சாமான் அறையில். பிறகு அமெரிக்க முறைப்படி மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் ஆடும்போது, மாமியார் கண்ணில் படாமல் பெண் சமையலறைப் பாதையில். தோவா மட்டும் கார் நிறுத்துமிடத்தில், மண்டபத்துக்கு முதுகு காட்டி. கூடப் போனதாகாது, வண்டி நிறுத்தியதாகத்தான் ஆகும். பெண்ணைக் கைப்பிடித்து நடத்தி வரவேண்டியவர் தாய்மாமன். ஆனால் சுவிட்சுகளை யார் பார்ப்பது? ஆகவே பெண் தனியாக நடப்பாள்.

அந்த நாளும் வந்தது. அழைப்பிதழில் மாலை ஐந்து மணி. வியட்நாமிய விருந்தினர்கள் வழக்கப்படி ஏழுக்குத்தான் வருவார்கள். புகைப்படக்காரரும் அந்த இனம்தான். நேரத்துக்கு வருவது அவமரியாதை என்று மார்லிஸ் சொல்லிவைத்திருந்ததால், மினசோட்டா விருந்தினர்களும் காலணி மாட்டியபடி ஹோட்டல் அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து மணிக்கு யென் நடந்து வந்தாள். மண்டபத்தில் காலி மேசைகள், வெஸ்லி, கல்யாணம் செய்துவைப்பவர். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று, மேசைகளில் சாப்ஸ்டிக் அடுக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். யாராவது அழ வேண்டும் என்பதால் அதையும் அவரே பார்த்துக்கொண்டார். மோதிரம் மாற்றும்போது யென் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு ஒரு சிமிட்டல் கூட இல்லாமல் சிவப்பாக எரிந்தது.

முன்கூடத்தில் லோக் சுவிட்சுப் பலகையைப் பார்த்துப் பூரித்தார். ஒரு மோதல் இல்லை, ஒரு நெரிசல் இல்லை. சாமான் அறையிலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போது தோவாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, எனக்குப் பச்சை எப்போ வரும்?”

“முடிஞ்சதும் வரும்மா.”

“எது முடிஞ்சதும்?”

லோக் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தார். “முடிஞ்சிடுச்சு. கல்யாணம்.”



ஆக, தீர்வு இதுதான்: இரண்டு நாட்டு வழக்கங்களும் ஒன்றுகூடக் குறையாமல் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால், அதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களை எல்லாம் வெளியே நிறுத்திவிட வேண்டும்.